மனநோய்க்கும் கிளைம் உண்டு என்கிறது ஆரோக்கிய சஞ்சீவனி: வாங்குமுன் ஒரு மதிப்புரை

ஆரோக்கிய சஞ்சீவனியை எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் உள்ளே இருக்கும் ஷரத்துகள் ஒன்றுதான். 2020 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் இதை விற்றே ஆக வேண்டும் என்று காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வைத்த பொதுப் பாலிசி இது. மாறுவது பிரீமியமும் கிளைம் பிரிவின் குணமும்தான். அதனால் மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடும் மனச்சோர்வு உள்ள ஒருவர் இருக்கும் வீட்டுக்கு மருத்துவக் காப்பீடு எவ்வளவு தூரம் உதவும் என்று அளக்க இதுவே நல்ல அளவுகோல். மற்ற பாலிசிகள் இதைவிடச் சற்று மேலே அல்லது சற்றுக் கீழே இருக்கும், அவ்வளவுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். படுக்கையில் சேர்த்துச் சிகிச்சை தேவைப்படும் நாளுக்கு இது உதவும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு உதவாது. நோயை மறைத்து வாங்கினால் இரண்டுக்கும் உதவாது. இந்தக் கடைசி வரிக்காகத்தான் கட்டுரையின் பெரும்பகுதி.

சட்டத்தில் குழப்பம் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது பிரிவு 21(4). அந்த ஆகஸ்டிலேயே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கை அனுப்பியது. ஆனாலும் 2022 அக்டோபரில், அம்மாதம் 31ஆம் தேதிக்குள் எல்லாப் பாலிசியிலும் இதைச் சேர்த்தாக வேண்டும் என்று இன்னொரு சுற்றறிக்கை போட வேண்டியிருந்தது. நாலு வருடம் கழித்தும் நினைவூட்ட வேண்டியிருந்ததிலிருந்தே நிறுவனங்களின் மனநிலை புரியும்.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று. புதிதாகச் சேருபவரிடம் ஏற்கெனவே இருக்கும் சில நோய்களை நிரந்தரமாக விலக்கி வைத்துப் பாலிசி தர நிறுவனங்களுக்கு 2019இல் அனுமதி கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் 16 நோய்கள். வலிப்பு நோய் இருக்கிறது, அல்சைமர் இருக்கிறது, பார்க்கின்சன் இருக்கிறது. மனச்சிதைவும் இருமுனைக் கோளாறும் இல்லை. ஆகவே “உங்களுக்குப் பாலிசி தருகிறோம், ஆனால் மனநோய்க்கு மட்டும் ஆயுசுக்கும் கிளைம் கிடையாது” என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அதை எதிர்த்துக் கேட்கலாம். அவர்களால் செய்ய முடிந்தது மூன்றுதான்: காத்திருப்புக் காலம் (அது முடியும்வரை அந்த நோய்க்குக் கிளைம் கிடையாது) வைப்பது, பிரீமியத்தைக் கூட்டுவது, விண்ணப்பத்தையே ஏற்காமல் விடுவது. மூன்றாவதுதான் அதிகம் நடக்கிறது. அப்படி நடந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் சொல்லும் “சிஸ்டம் எடுக்கல மேடம்” எங்கேயும் செல்லாது. எழுத்தில் வந்த மறுப்பை வைத்துத்தான் மேலே போக முடியும்.

இனி விண்ணப்பப் படிவம். எல்லாச் சிக்கலும் பிறக்கும் இடம் இது. மனநோய், நரம்புக் கோளாறு எதற்காவது சிகிச்சை பெற்றதுண்டா என்று ஒரு கேள்வி வரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் “அதெல்லாம் எதுக்கு சார், இல்லைன்னே டிக் பண்ணிடலாம்” என்பார். வீட்டாருக்கும் அது வசதியாகவே இருக்கும். வெளியே தெரிந்தால் தங்கையின் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயத்தில் பல வருடம் மூடி வைத்ததை முன்பின் தெரியாத ஒருவரின் டேப்லெட்டில் ஏற்ற யாருக்கு மனசு வரும்? அந்த ஒரு டிக்தான் மூன்று வருடம் கழித்து இரண்டு லட்ச ரூபாய் பில்லோடு நிற்கும்போது எதிரே வந்து உட்காரும்.

எழுத வேண்டியது அதிகமில்லை: நோயின் பெயர், கண்டுபிடித்த ஆண்டு, இப்போது சாப்பிடும் மருந்தும் அளவும், கடைசியாக மருத்துவமனையில் சேர்த்தது எப்போது, எத்தனை நாள். மனநல மருத்துவர் தன் லெட்டர்பேடில் எழுதிய ஒரு பக்கச் சான்றைக் கூடவே இணையுங்கள். நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது, வேலைக்குப் போகிறார், மருந்து ஒழுங்காக எடுக்கிறார் என்று அதில் இருந்தால், படிவத்தைப் பரிசீலிக்கும் டாக்டர் நோயின் பெயரை மட்டும் பார்த்துப் பயப்படாமல் ஆளைப் பார்ப்பார். கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலைக் கட்டாயம் வாங்கி வைக்க வேண்டும். பாலிசி வந்ததும் அதில் அச்சாகியிருக்கும் உங்கள் பதில்களை இந்த நகலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏஜென்ட் மாற்றியிருந்தால் உடனே திருத்தச் சொல்லலாம். பாலிசியே பிடிக்கவில்லை என்றால் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பியும் கொடுக்கலாம்.

முன்பே உள்ள நோய் என்பதற்கு விதியில் ஓர் எல்லை உண்டு. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் கண்டறியப்பட்டதோ சிகிச்சை பெற்றதோ மட்டுமே அந்தக் கணக்கில் வரும். கல்லூரிக் காலத்தில் ஆறு மாதம் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு, அதன்பின் பத்து வருடமாக ஒன்றும் இல்லாதவருக்கு அது முன்பே உள்ள நோய் ஆகாது. அதற்காகப் படிவம் “எப்போதாவது” என்று கேட்டால் இல்லை என்று எழுதலாம் என்று அர்த்தமில்லை. உண்மையை எழுதிவிட்டு, காத்திருப்புக் காலம் பொருந்தாது என்று வாதிடுங்கள். இரண்டும் வேறு வேறு.

காத்திருப்புக் காலம் முன்பு 48 மாதமாக இருந்தது. 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதம். அதே நேரத்தில் இன்னொரு விதியும் தளர்ந்தது: 60 மாதம் இடைவிடாமல் பாலிசியைப் புதுப்பித்து வந்தால், மறைத்தீர்கள், தவறாகச் சொன்னீர்கள் என்று கிளைமை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம். முன்பு இது 96 மாதம். இதைக் காட்டித்தான் சில ஏஜென்டுகள் “அஞ்சு வருஷம் ஓட்டிட்டா போதும்” என்று மறைக்கச் சொல்கிறார்கள். மனநோய் ஐந்து வருடம் பார்த்துக்கொண்டு வராது. தெரிந்தே மறைத்ததை மோசடி என்று வாதிட அப்போதும் நிறுவனத்துக்கு இடம் உண்டு.

பாலிசி கையில் இருக்கிறது, காத்திருப்பும் முடிந்தது, அட்மிஷன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எங்கே இடிக்கும்?

முதலில் ரூம் வாடகை. இந்தப் பாலிசியில் ரூம், சாப்பாடு, நர்சிங் மூன்றுக்கும் சேர்த்து நாளுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். குடல்வால் அறுவைக்கு மூன்று நாள் படுப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை, அவருடைய பில்லின் பாரம் தியேட்டரிலும் சர்ஜன் கட்டணத்திலும் இருக்கும். மனநல வார்டில் தியேட்டர் கிடையாது. இரண்டு மூன்று வாரம் தங்குவது சாதாரணம். பில்லில் பாதிக்கு மேல் ரூம் வாடகையே நிற்கும். ஆக ஒரே உச்சவரம்பு இங்கே பல மடங்கு வலிக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். காப்பீட்டுத் தொகை 3 லட்சம். நர்சிங் உட்பட ரூம் நாளுக்கு 7,500, 20 நாள், ஆகவே 1,50,000. டாக்டர் கட்டணம் 60,000. மருந்தும் பரிசோதனையும் 25,000. மொத்தம் 2,35,000. ரூமுக்குக் கிடைப்பது நாளுக்கு 5,000 வீதம் 1,00,000. வரம்பைத் தாண்டிய ரூம் எடுத்ததால் டாக்டர் கட்டணமும் அதே விகிதத்தில் சுருங்கும், மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 40,000. மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்தச் சுருக்கல் பொருந்தாது, 25,000 முழுசாக வரும். ஆக 1,65,000. அதில் நாமே ஏற்க வேண்டிய பங்கு, அதாவது 5 சதவீதம் கோ-பே, 8,250 போனால் கைக்கு 1,56,750. பாக்கி 78,250 நம் தலையில். அதே ஆள் 5,000 ரூபாய் ரூமில் இருந்திருந்தால் பில் 1,85,000, கோ-பே 9,250 மட்டும் கட்டினால் முடிந்தது. அட்மிஷன் கவுன்ட்டரில் “தனி ரூம் போட்டுடுங்க, யாரும் பாக்கக் கூடாது” என்று வீட்டார் சொல்வது வழக்கம். அந்தக் கூச்சத்தின் விலை இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 69,000 ரூபாய். நோயாளிக்குத் தனி அறை தேவை என்று மருத்துவர் சொன்னால் அது வேறு விஷயம்.

வார்டில் உடனிருக்க ஆள் வேண்டும் என்பார்கள், வீட்டில் ஆள் இல்லையென்றால் மருத்துவமனையே ஒருவரை வைத்துக் கட்டணம் போடும். அது கிளைமில் வராது.

அடுத்தது டிஸ்சார்ஜ் சம்மரி. கிளைம் பிழைப்பதும் சாவதும் இந்தத் தாளில்தான். மூன்று இடங்களில் தவறு நடக்கிறது.

ஒன்று, நோய் வரலாறு. அட்மிஷன் நேரத்தில் பதறிப்போய் நிற்கும் அம்மா டூட்டி டாக்டரிடம் “சின்ன வயசுலேர்ந்தே இவன் இப்படித்தான் டாக்டர்” என்பார். கூச்ச சுபாவத்தைச் சொல்ல வந்தது அது. கேஸ் ஷீட்டில் சிறுவயது முதல் அறிகுறிகள் என்று ஏறிவிடும். நிறுவனத்துக்காகக் கிளைமைப் பரிசீலிக்கும் டிபிஏ அந்த ஒரு வரியை எடுத்து, பாலிசிக்கு முந்தைய நோய், மறைத்துவிட்டார் என்று மறுக்கும். அட்மிஷன் போடும்போது தேதியோடு பேசுங்கள்: இந்த மாதம் தூக்கம் குறைந்தது, இந்த வாரம் சாப்பாட்டை நிறுத்தினார் என்று. தவறாக ஏறியிருந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லித் திருத்தக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கிளைம் மறுத்தபின் வாங்கும் திருத்தத்தை யாரும் மதிப்பதில்லை.

இரண்டு, நோயின் பெயர். வெளியே காட்ட வெட்கப்பட்டு, நரம்புத் தளர்ச்சி என்றோ தூக்கமின்மை என்றோ எழுதித் தரச் சொல்லி டாக்டரைக் கெஞ்சும் குடும்பங்கள் உண்டு. இரக்கப்பட்டு எழுதித் தரும் டாக்டர்களும் உண்டு. பார்மசி பில்லில் லித்தியம், ஒலான்சபைன், குளோசபைன் என்று வரிசையாக இருக்கும். டிபிஏ டாக்டருக்கு அதைப் படிக்கத் தெரியும். சம்மரி ஒன்று, மருந்து இன்னொன்று என்றால் உண்மையான நோய்க்குக் கிடைத்திருக்க வேண்டிய பணமும் போய்விடும். எஃப் 20 மனச்சிதைவு, எஃப் 31 இருமுனைக் கோளாறு, எஃப் 32 மனச்சோர்வு என்று நோய்களுக்கான சர்வதேசக் குறியீடான ஐசிடியோடு நேராக இருப்பதே பாதுகாப்பு.

மூன்று, ஏன் படுக்கையில் சேர்த்தார்கள் என்ற காரணம். வெறும் பரிசோதனைக்கும் கண்காணிப்புக்கும் சேர்த்தால் பணம் இல்லை என்று பாலிசியின் விலக்கு விதியான எக்ஸ்க்ளூஷன் கோட் 04 சொல்கிறது. “நோயாளி கண்காணிப்பில் வைக்கப்பட்டார்” என்று மட்டும் இருக்கும் சம்மரி அந்தக் கோட்டுக்குத் தாம்பூலம் வைத்து அழைப்பது போல. உணவை மறுத்தது, தனக்கோ பிறருக்கோ ஆபத்து இருந்தது, ரத்த அளவு பார்த்து லித்தியத்தைக் கூட்ட வேண்டியிருந்தது, ஓ.பி. சிகிச்சை பலிக்கவில்லை என்று நடந்ததை விளக்கமாக எழுதச் சொல்லுங்கள். மருத்துவர்கள் இதைச் சோம்பலில்தான் விடுகிறார்கள், கேட்டால் எழுதுவார்கள்.

குடிப்பழக்கமும் சேர்ந்திருந்தால் சிக்கல் கூடும். எக்ஸ்க்ளூஷன் கோட் 12 மது, போதைப் பழக்கச் சிகிச்சையையும் அதன் விளைவுகளையும் விலக்குகிறது. இருமுனைக் கோளாறின் எழுச்சிக் கட்டத்தில் குடிக்கத் தொடங்குபவர்கள் ஏராளம். சம்மரியில் எஃப் 10 என்ற குறியீடு ஓரத்தில் இருந்தாலே முழு பில்லையும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். எது முதன்மை நோய், எதற்காக அட்மிஷன் என்பது தெளிவாக இருந்தால் வாதாடலாம். இன்னொரு பிடியும் இருக்கிறது: மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறைக்குள் மது, போதைப் பொருளோடு தொடர்புடைய மனநிலைகளும் வருகின்றன. சட்டம் உள்ளே வைப்பதைப் பாலிசி வெளியே தள்ளுகிறது. இந்த முரண்பாட்டை மேல்முறையீட்டில் எழுதத் தவறாதீர்கள்.

எந்த இடத்தில் சேர்க்கிறோம் என்பதும் முக்கியம். பதிவு பெற்ற மருத்துவமனையாக இல்லாவிட்டால், 24 மணி நேர நர்ஸ், டாக்டர், 10 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை ஊரில் 10 படுக்கை, மற்ற இடத்தில் 15, இவற்றோடு சொந்தமாக ஆபரேஷன் தியேட்டரும் கேட்கிறது பாலிசியின் வரையறை. மனநல மருத்துவமனைக்கு எதற்குத் தியேட்டர்? பதிவுச் சான்று இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. அதனால் கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட் பதிவு, மாநில மனநல ஆணையப் பதிவு இரண்டின் நகலையும் அட்மிஷன் அன்றே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகியது கொட்டகைக் காப்பகம் ஒன்றில். பதிவில்லாத இல்லங்கள் இன்னும் இருக்கின்றன, பெயர்ப்பலகையில் “மறுவாழ்வு” என்று இருக்கும். அங்கே கட்டும் பணத்துக்குக் கிளைம் இல்லை. பதிவு பெற்ற மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதம் வைத்துப் பார்த்துக்கொள்வதும் ஓய்வு, மறுவாழ்வுப் பராமரிப்பை விலக்கும் எக்ஸ்க்ளூஷன் கோட் 05இன் கீழ் போய்விடும். தீவிர சிகிச்சை முடிந்தபின் வரும் பராமரிப்புச் செலவுக்கு இந்தப் பாலிசியை நம்ப வேண்டாம்.

மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் மின்னதிர்வுச் சிகிச்சை, ஒரு நாளில் முடிந்தாலும், டே-கேர் என்ற பெயரில் கேட்கத் தகுந்தது. மயக்க மருந்து இல்லாமல் செய்வதைச் சட்டமே தடை செய்திருக்கிறது, எனவே மயக்க மருத்துவரின் குறிப்பும் பில்லில் இருக்க வேண்டும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டவரின் சிகிச்சையைச் சில நிறுவனங்கள் மற்றப் பாலிசிகளில் தனி விலக்காக வைத்திருக்கின்றன. வாங்குமுன் அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மனநோய் உள்ள வீட்டுக்கு அது சாதாரண வரி அல்ல.

இந்தப் பாலிசியில் மக்கள் வாங்காமல் விடும் பணமும் இருக்கிறது. அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் செலவைத் தருகிறார்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு இரண்டு மாதம் வாங்கும் மாத்திரை, டாக்டர் கட்டணம், லித்தியத்துக்கும் குளோசபைனுக்கும் எடுக்கும் ரத்தப் பரிசோதனை எல்லாம் இதில் அடங்கும். மருந்துக் கடையில் பில் வேண்டாம் என்று சொல்லிவிடும் பழக்கம் மனநோய் மாத்திரை விஷயத்தில் அதிகம், வீட்டில் யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று. மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டின் தேதியும் பில்லின் தேதியும் பொருந்தும்படி இரண்டையும் ஒன்றாகக் குத்தி வையுங்கள்.

61ஆம் நாளிலிருந்து எல்லாம் சொந்தச் செலவு. ஓ.பி.க்கு இந்தப் பாலிசியில் எதுவும் இல்லை. சர்க்கரை நோயாளிக்கும் ஓ.பி. இல்லையே, சமம்தானே என்பது நிறுவனத்தின் பதில். எழுத்தில் சமம்தான். ஆனால் நல்ல மனநலச் சிகிச்சையின் இலக்கே ஆளைப் படுக்கையில் சேர்க்காமல் வைத்திருப்பது. அதற்கு ஆகும் செலவை விட்டுவிட்டு, அது தோற்றால் மட்டும் பணம் தரும் ஏற்பாடு இது. எங்கள் மதிப்பீட்டில் பாலிசியின் ஆகப் பெரிய குறை இதுதான். மாதாந்திர மருந்துக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநல ஓ.பி.யே நடைமுறை வழி.

அலுவலகக் குழுக் காப்பீடு இருந்தால் அதை முதலில் பயன்படுத்துங்கள். பெரும்பாலான குழுப் பாலிசிகளில் முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்பு இல்லை. தயக்கம் வேறொன்று: ஹெச்.ஆருக்குத் தெரிந்துவிடுமோ என்பது. நியாயமான தயக்கம்தான். நிறுவனத்துக்குப் போகும் கிளைம் அறிக்கையில் பெயரும் நோயும் சேர்ந்து இருக்குமா என்று டிபிஏவிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் வரட்டும். கிளைம் தகவல் அலுவலக மின்னஞ்சலுக்குப் போகாமல் சொந்த எண்ணையும் முகவரியையும் டிபிஏ தளத்தில் பதியுங்கள். வேலையை விடும்போது அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறினால் கழித்த காத்திருப்பு மாதங்கள் கணக்கில் வரும்; வேலையை விடுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

மனநோய் உள்ளவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் ஒரு பாலிசியாவது வைத்திருக்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டது. ஆரோக்கிய சஞ்சீவனி மறுக்கப்பட்டால் அடுத்து கேட்க வேண்டியது அதை. கோ-பே இதைவிட அதிகமாக இருக்கலாம், படித்துப் பாருங்கள். “நிராமயா எடுங்களேன்” என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடலாம். அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். மனநோய் அதில் இல்லை.

கிளைம் மறுத்தால் கடிதத்தில் எந்த ஷரத்தின் கீழ் என்று இருக்க வேண்டும். நிறுவனத்தின் கிளைம் பரிசீலனைக் குழு பார்க்காமல் மறுக்கக் கூடாது என்பது 2024 விதி. அந்த இரண்டையும் கேட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள், பிரிவு 21(4)ஐக் குறிப்பிடுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதியலாம். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை விசாரிக்கலாம். நிறுவனத்தின் கடைசி மறுப்பு வந்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மனுவோடு விண்ணப்பப் படிவ நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மறுப்புக் கடிதம், மருத்துவமனைப் பதிவுச் சான்று நான்கும் இருக்கட்டும்.